எதிர்ல வர்றதுக்கு ஒரு ஆள்

எங்க சூசை காம்பவுண்டுல இருந்து யாராவது இன்டர்வியூக்குக் கிளம்பினா, கேட்டுக்கு வெளியில ஒரு சுமங்கலி நிறைகுடத்தோட காத்துக்கிட்டு நிக்கணும், உள்ள இருந்து ஆளு படியிறங்குற நேரம் பாத்து அவ எதிர்ல நடந்து வரணும், எதேச்சையா வர்ற மாதிரி வரணும், சிரிக்கக் கூடாது, நல்லா பண்ணுன்னு வாழ்த்தக் கூடாது, தெருக்குழாயில தண்ணி புடிச்சுட்டுத் திரும்புறதத் தவிர உலகத்துல வேற கவலையே இல்லாதவ மாதிரி மூஞ்சிய வச்சுக்கணும், ஏன்னா சகுனம்ங்கிறது தானா அமையணுமாம், நாமதான் அமைச்சோம்னு அதுக்குத் தெரியக் கூடாதாம். பாலக்கரையில இந்த மாதிரி காம்பவுண்டு எத்தனையோ இருக்கு, எல்லாத்துலயும் இந்த நாடகம் உண்டு, ஆனா எங்க காம்பவுண்டுலதான் அது வேற மாதிரி ஆகிப்போச்சு. நடந்தத நடந்தபடி சொல்றேன். நான் எதையும் லேசுல நம்புற ஆளு இல்ல, பால்காரன் ஊத்துற பாலையே வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டுத்தான் உள்ள கொண்டு போவேன், அப்படிப்பட்ட தனபாக்கியம் சொல்றேன்னா யோசிச்சுக்குங்க.

மூணாம் நம்பர் வீட்டு பிலோமினாவ நாங்க பிலோன்னுதான் கூப்பிடுவோம். கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணு, படிச்சத இன்னைக்குக் கேட்டாலும் தூக்கத்துல எழுப்பிக் கேட்ட மாதிரி டக்குன்னு சொல்லும், ஆனா இன்டர்வியூன்னு ஒண்ணு வந்துட்டா முந்தின நாளே உள்ளங்கை வேர்த்து, விரல் நடுங்கி, மறுநாள் அந்த ரூமுக்குள்ள போறப்போ முழங்கால்ல இருந்து மோவாக்கட்டை வரைக்கும் ஆடிக்கிட்டுத்தான் போகும். ஒரு எடத்துல உன் பேர் என்னம்மான்னு கேட்டதுக்கு "தெரியும் சார்"ன்னு சொல்லிட்டு வந்துருச்சு. இன்னொரு எடத்துல குடிக்கத் தண்ணி குடுத்திருக்காங்க, பாதி தண்ணி சேலையில, மீதி அவங்க ஃபைல் மேல. கோச்சிங் சென்டர்ல ஒருத்தர், எதிர்ல உக்காந்திருக்கவங்கள எல்லாம் முட்டைக்கோஸுன்னு நெனச்சுக்கம்மா பயம் போயிரும்னு சொல்லியிருக்காரு, இதுவும் போயி அப்படியே நெனச்சிருக்கு, நெனச்ச உடனே கல்யாண மண்டபத்துல மலை மாதிரி குவிஞ்ச முட்டைக்கோஸுக்கு நடுவுல உக்காந்து நறுக்கிக்கிட்டு இருக்குற அவங்க அம்மா ஞாபகம் வந்து, கேள்வி கேக்குறதுக்கு முன்னாடியே அழுதுருச்சு.

அவங்க அம்மா அந்தோணியம்மாவுக்கு அதுதான் தொழில், மண்டபத்துக்கு மண்டபம் காய் நறுக்குறது. புருஷன் போயி ரொம்ப வருஷமாச்சு. அந்த வருஷம் மணிக்கட்டு வீங்கி அருவாமணைய அழுத்திப் புடிக்க முடியாம போயிருச்சு, சமையல் மாஸ்டரும் அடுத்த முகூர்த்தத்துல இருந்து வர வேணாம்க்கான்னு சொல்லிட்டாரு. பிலோவுக்கு வேலை கெடைச்சா இங்க இருக்கலாம், கெடைக்கலன்னா ரெண்டு பேரும் மணப்பாறையில அந்தோணியோட அண்ணன் வீட்டுக்குப் போகணும், அங்க அண்ணன் பொண்டாட்டி பிலோவுக்கு ஒரு மாப்பிள்ளைய ரெடியா வச்சிருந்தா, அந்த ஆளுக்கு மொத தாரத்துல ரெண்டு பிள்ளைங்க, பொண்ணு கெமிஸ்ட்ரி படிச்சா என்ன ஃபிசிக்ஸ் படிச்சா என்ன எங்களுக்கு சோறாக்கத் தெரிஞ்சா போதும்னு சொல்லி அனுப்பியிருந்தாரு. இதுக்கு நடுவுல பிலோவுக்கு வயசு வரம்பு வேற தாண்டப் போகுது. இவ்வளவும் அந்தப் பொண்ணு கை நடுங்காம இருக்குறதுல நின்னுச்சு.

அந்தோணியம்மா ஜெபமாலைய விட மாட்டா, அதே சமயம் குடத்துக்கும் ஆளு சொல்லி வைப்பா. பிலோ கிளம்புற நாள்ல என்கிட்ட வந்து, "தனம், நீ கொஞ்சம் எதிர்ல வாடி"ன்னு கேட்டுட்டு, வீட்டுக்குள்ள போயி அடுப்படிக் கதவுக்குப் பின்னாடி நின்னுக்குவா. தாலியறுத்தவ எதிர்ல வரக் கூடாது, பெத்த பிள்ளையா இருந்தாலும் வரக் கூடாது, அத யாரும் அவகிட்ட சொன்னது கூட இல்ல, அவளா நின்னுக்குவா. காலையில வேலைக்குப் போறவங்க எல்லாம் போய் முடிஞ்ச பெறகுதான் குழாயடிக்கே வருவா. எங்க யாருக்கும் அது ஒரு விஷயமாவே தெரிஞ்சதில்ல.

அன்னைக்கு பிலோவுக்கு ஊருக்குள்ள ஒரு சங்கத்து ஆபீஸ்ல இன்டர்வியூ, பேரு எதுக்கு, இன்னும் அதே போர்டோட அங்கதான் இருக்கு. நான் குடத்த இடுப்புல வச்சுக்கிட்டு எதிர்ல வர்றேன், அது ஃபைல நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வெலவெலத்துப் போயி வருது, என்னைத் தாண்டுச்சு, அவ்வளவுதான், அதோட நடை நேராச்சு, என் கை ஆட ஆரம்பிச்சுருச்சு. குடத்துத் தண்ணி தளக்கு தளக்குன்னு என் சேலையில விழுது, முழங்கால் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இடிக்குது, எனக்கு இங்கிலீஷ்ல பஸ் நம்பரத் தவிர ஒண்ணும் தெரியாது, என் வாயில "மைசெல்ஃப், மைசெல்ஃப்"ன்னு தானா வருது. யாரு நடுக்கம்னு எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. அன்னைக்கு மத்தியானம் பிலோ அந்த ரூம விட்டு வெளியில வர்ற வரைக்கும் நான் கட்டில் சட்டத்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், கட்டிலும் சேந்து ஆடுச்சு.

இதக் கேட்டு யாரும் ஆச்சரியப்படல. சந்தேகம்தான் பட்டாங்க. எங்க வீட்டுக்காரர் சுகரா இருக்கும்னு சொல்லி டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. எதிர் வீட்டு கஸ்தூரி, அவளுக்கும் எனக்கும் எப்பவுமே ஆகாது, "நல்லா நடிக்கிறா, வீட்டு வேலைக்கு டிமிக்கி குடுக்க இது ஒரு வழி"ன்னு குழாயடியில நின்னு எனக்குக் கேக்குற மாதிரியே சொன்னா. சரிடி ஆத்தா, அடுத்த தடவ நீயே போயேன்னேன். கடைசி வீட்டு ரஃபீக் தம்பிக்கு ஒரு கம்பெனியில இன்டர்வியூ வந்தப்ப அவதான் எதிர்ல வந்தா. கேட்டத் தாண்டி உள்ள வந்தவ குடத்த எறக்கி வச்சுட்டு, இல்லாத காலரை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டு, தொண்டைய செருமிக்கிட்டே நின்னா. அது ரஃபீக்கோட பழக்கம், காம்பவுண்டுக்கே தெரியும். அதுக்கப்புறம் என்னை யாரும் நடிக்கிறான்னு சொல்லல, கஸ்தூரியும் சொல்லல.

அப்புறம் என்ன, எல்லாத்துக்கும் ஒரு முறை வந்துருச்சு. நடுக்கத்த வாங்கினவ அன்னைக்கு அடுப்புக்கிட்ட போகக் கூடாது, கத்தி எடுக்கக் கூடாது, ஒரு வீட்டுல இருந்து சோறும் இன்னொரு வீட்டுல இருந்து ரசமும் அவளுக்குப் போயிரும், புருஷன்காரன் அவளுக்குக் காபிய ஆத்தி வாயில புடிக்கணும், புடிச்சாங்க, வேற வழி. வெளித்தெருவுல இருந்தெல்லாம் ஆளு வர ஆரம்பிச்சுது, பேங்க்குக்குப் போற பொண்ணு, மிலிட்டரிக்குப் போற பையன், வெளிநாட்டு விசாவுக்குப் போறவரு. வந்தா சும்மா வருவாங்களா, எங்களுக்கு அவங்க மேல சந்தேகம், இன்டர்வியூ பயம்னு சொல்லிட்டு அதோட சேத்து வேற எதையெல்லாம் தள்ளி விட்டுட்டுப் போறாங்களோன்னு. வரகனேரியில இருந்து வந்த ஒரு பொண்ணுக்கு எதிர்ல வந்த அன்னைக்கு முழுக்க கஸ்தூரி மாமியாருக்கு பயந்து சேலைத் தலைப்ப இழுத்துப் போத்திக்கிட்டு பேசாம இருந்தா, அவ மாமியார் செத்து சாம்பலாகி எத்தனையோ காலமாச்சு. அன்னையோட வெளியாளுக்கு எதிர்ல வர்றதில்லன்னு கேட்டச் சாத்திட்டோம்.

ஆனா பாருங்க, நடுக்கமே இல்லாம ராணி மாதிரி போயிட்டு வந்த பிலோவுக்கு அந்த வேலை கெடைக்கல.

எங்களால தாங்க முடியல. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கு, குடுத்த தண்ணிய ஒரு சொட்டு சிந்தாம குடிச்சிருக்கு, அப்புறம் என்ன கேடு? என் வீட்டுக்காரரோட தங்கச்சி புருஷன் அந்த ஆபீஸ்ல பியூன், அவருதான் ஒரு நாள் வந்து உக்காந்து விஷயத்தச் சொன்னாரு. அங்க வர்ற பிள்ளைங்க எல்லாம் வேர்த்து ஒழுகி, வார்த்தையத் தேடிக்கிட்டு இருக்குமாம், இந்தப் பொண்ணு மட்டும் கைய மடியில வச்சுக்கிட்டு பூஜை ரூம் படத்துல இருக்குற லட்சுமி மாதிரி உக்காந்திருந்துச்சாம். உள்ள இருந்த அதிகாரிங்க ரெண்டு சாருக்கும் ஒரு அம்மாவுக்கும் சந்தேகம் வந்துருச்சு. இவ்வளவு தைரியமா இருக்குன்னா இதுக்குப் பின்னாடி யாரோ பெரிய ஆளு இருக்கணும், கேள்விய முன்னாடியே குடுத்திருக்கணும். இவரு அவரு ஆளுன்னு நெனச்சாரு, அவரு அந்தம்மா ஆளுன்னு நெனச்சாரு, அந்தம்மா இவரு ஆளுன்னு நெனச்சாங்க. வாய விட்டு யாரும் யாரையும் கேக்கல. மூணு பேரும் தனித்தனியா மார்க்கக் கொறச்சுப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க.

"பயப்படலன்னா தப்பாங்க?"ன்னு பிலோ கேட்டுச்சு.

"தப்பு இல்லம்மா, ஆனா அவங்களுக்குப் பழக்கம் இல்ல"ன்னாரு அவரு.

இதுக்கு மருந்து ரஃபீக் மூலமாத்தான் கெடைச்சுது. அவன் போன இன்னொரு இன்டர்வியூ அன்னைக்குக் குழாய்ல தண்ணி பாதியில நின்னு போச்சு, கஸ்தூரி வேற வழியில்லாம அரைக்குடத்தோட எதிர்ல வந்தா. அரைக்குடத்தோட எதிர்ல வந்தா வெளங்குமான்னு நாங்கெல்லாம் தலையில அடிச்சுக்கிட்டோம். ஆனா கஸ்தூரிக்குப் பாதி நடுக்கம்தான் வந்துச்சு, ஒத்தக் கைதான் ஆடுச்சு, மீதிப் பாதி ரஃபீக்கோடவே போச்சு. உள்ள ஒருத்தரு, "பதட்டப்படாத தம்பி, நிதானமா சொல்லு"ன்னு சொல்லியிருக்காரு, இவனும் நிதானமா சொல்லியிருக்கான், வேலை கெடைச்சுருச்சு. நிறைகுடம்னா நடுக்கம் முழுசும் வந்துரும், அரைக்குடம்னா பாதிதான் வரும், பாதியக் கூடவே அனுப்பினாத்தான் அவங்களுக்கு நம்ம மேல நம்பிக்கை வருதுன்னு அன்னைக்குத்தான் எங்களுக்கு வெளங்குச்சு. காலங்காலமா வந்த நிறைகுடத்த ஓரங்கட்டிட்டு அரைக்குடத்துக்கு மாறினோம். மனசுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, ஆனா வேலை முக்கியம் இல்லையா.

அப்பத்தான் பிலோவுக்கு அந்தக் கடைசி இன்டர்வியூ கார்டு வந்துச்சு. ஒரு காலேஜ்ல லேப் அசிஸ்டென்ட் வேலை, அரசாங்கச் சம்பளம், இத விட்டா வயசு தாண்டிரும், நேரா மணப்பாறைதான். அந்தோணியம்மா என்கிட்ட ஓடி வந்து, "தனம், இந்த ஒரு தடவ நீ அரைக்குடத்தோட வந்துரு, உனக்குக் கோடி புண்ணியம்"ன்னா. சரின்னு வாய் வர்றதுக்குள்ள உள்ள இருந்து என் மகன் நவநீதன் ஒரு கார்டோட வந்து நின்னான். அதே காலேஜ், அதே வேலை, அதே நாள். அவனும் கெமிஸ்ட்ரிதான், ரெண்டு வருஷமா வீட்டுல சும்மாதான் இருந்தான். எனக்குக் கார்டப் பாத்து சந்தோஷப்படுறதா அந்தோணி மூஞ்சியப் பாக்குறதான்னு தெரியல.

அவ அப்படியே திரும்பிப் போயிட்டா. ஆனா காம்பவுண்டு சும்மா இருக்குமா? சாயங்காலத்துக்குள்ள பேச்சு கெளம்பிருச்சு. எனக்குக் காதுல விழுந்ததச் சொல்றேன்: தனம் என்ன பண்ணுவான்னு பாருங்க, வேணும்னே குடத்த நிறைச்சு எடுத்துக்கிட்டு வருவா, அந்தப் பொண்ணு நடுக்கம் முழுசையும் உருவிக்குவா, அது உள்ள போயி லட்சுமி மாதிரி உக்காரும், அவங்க சந்தேகப்பட்டுக் கழிச்சு விட்டுருவாங்க, வேலை அவ மகனுக்கு. சரி, தனம் வேணாம், கஸ்தூரி வரட்டும்னா, கஸ்தூரி வீட்டுக்கு நான் முந்தா நேத்து பாதி பலாப்பழம் குடுத்து விட்டேனாம், இத்தனை வருஷமா ஆகாதவ பலாப்பழம் குடுக்குறான்னா எதுக்குன்னு கேட்டாங்க. அது எங்க நாத்தனார் வீட்டுல இருந்து வந்தது, வீட்டுல வச்சா அழுகிரும்னு குடுத்தேன், யாரு நம்பினா? மத்த வீட்டுக்காரிங்க, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா பழி எங்க தலையில விழும்னு ஒதுங்கிட்டாங்க. கடைசியில, தனமே வரட்டும், ஆனா குடத்த நாங்க பாக்கணும்னு முடிவாச்சு.

என் மனசுல அப்படி ஒரு நெனப்பு இல்லவே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். பெத்த வயிறு. குழாயில குடத்த வச்சுட்டு நிக்கிறப்போ, இன்னும் கொஞ்சம் ஓடட்டுமேன்னு ஒரு நிமிஷம் தோணத்தான் செஞ்சுது. பாதியிலயே மூடிட்டேன். ஆனா தோணுச்சு.

இன்டர்வியூ அன்னைக்குக் காலையில நவநீதன், எனக்கு யாரும் எதிர்லயும் வரவேணாம் பின்னாடியும் வரவேணாம்னு சொல்லிட்டு, சிநேகிதன் பைக்குல முன்னாடியே போயிட்டான். நான் குடத்தத் தூக்கிக்கிட்டு கேட்டுக்கு வந்தா, கல்யாணத்துக்கு வந்த மாதிரி அத்தனை பேரும் நிக்கிறாங்க. ரஃபீக் அம்மா குடத்துக்குள்ள கைய விட்டு அளந்து பாத்துட்டு, "பாதிக்கு மேல இருக்கே தனம்"ன்னாங்க. கஸ்தூரி வாங்கிக் கொஞ்சம் கீழ ஊத்தினா. "இப்ப பாதிக்குக் கீழ போயிருச்சு, அந்தப் பொண்ணு நடுங்கியே செத்துரும்"ன்னு நான் பிடுங்கினேன். "நீ பிடுங்கி எவ்வளவு ஊத்துவன்னு எங்களுக்குத் தெரியாதா"ன்னு அவ விடல. அவ இழுக்க, நான் இழுக்க, குடம் கை நழுவிக் கவுந்து தண்ணி பூராவும் சாக்கடையில ஓடிருச்சு. குழாயத் தொறந்தா காத்துதான் வருது.

படியில பிலோ நிக்கிது. ஃபைல் கெடந்து படபடன்னு அடிச்சுக்குது, மூஞ்சியில ரத்தமே இல்ல. வெறுங்குடத்தோட எதிர்ல வர யாருக்கு தைரியம் இருக்கு, குடத்த அப்படியே போட்டுட்டு நாங்க எல்லாரும் கேட்டுக்குப் போற நடையோரமா செவத்தோட செவரா ஒட்டிக்கிட்டோம், தெரியாத்தனமா நாம எதிர்ல பட்டுறக் கூடாதேன்னு. பஸ்ஸு வர்ற நேரம். அது கால எடுத்து வைக்கல, நடை மட்டும் காலியா கெடந்துச்சு.

அப்பத்தான் மூணாம் நம்பர் வீட்டுக்குள்ள இருந்து அந்தோணியம்மா வந்தா. படியில நின்ன மகளத் தாண்டி, எங்களையும் தாண்டி, யாரையும் பாக்காம கேட்டு வரைக்கும் போனா, போயி திரும்பினா, வீங்கின கைய ரெண்டு பக்கமும் தொங்க விட்டுக்கிட்டு, வெறுங்கையோட மகளுக்கு நேர் எதிர்ல நடந்து வந்தா. ரஃபீக் அம்மா "அல்லா"ன்னாங்க. கஸ்தூரி என் கையப் புடிச்சுக்கிட்டா, புடிச்சது என் கைன்னு அவளுக்குத் தெரியல.

மகளுக்கு முன்னாடி வந்து நின்னு, அது மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா.

"என்னம்மா இது, ஏம்மா வெளியில வந்த?"ன்னு பிலோ கேட்டுச்சு.

"இத்தனை இன்டர்வியூக்குப் போயிருக்க, நீ போறத நான் ஒரு நாளு கூட பாத்ததில்லடி"ன்னா. "கதவுக்குப் பின்னாடி நின்னு உன் செருப்புச் சத்தத்தத்தான் கேட்டிருக்கேன். இந்தச் சேலை உனக்கு நல்லா இருக்கு. போயிட்டு வா."

பிலோ அவங்க அம்மாவத் தாண்டிப் போச்சு, பஸ்ஸும் ஏறிருச்சு. நாங்க எல்லாரும் அந்தோணி கையத்தான் பாத்தோம், இப்ப ஆடும் இப்ப ஆடும்னு. ஆடல. அவ உள்ள போயி வெங்காயம் உரிச்சா, துணி நனைச்சா, கை அசையாம இருந்துச்சு. ஏன் ஆடலன்னு எனக்குத் தெரியாது, கஸ்தூரி ஏதேதோ காரணம் சொன்னா, எனக்கு எதுவும் சரியாப் படல. ஆனா ஒண்ணு புரிஞ்சுது, நடுக்கம் கைமாறல, அந்தப் பொண்ணு அத்தனையும் தன்னோடவே எடுத்துக்கிட்டுப் போயிருக்கு. வேலை தொலைஞ்சுதுன்னு நெனச்சோம். உண்மையச் சொல்றேன், வேலை கெடைக்கலங்கிற சேதி வந்தா என்ன பேசணும்னு எங்க அத்தனை பேர் வாயிலயும் வார்த்தை தயாரா இருந்துச்சு, அந்தோணி எதிர்ல வந்தாளே, அப்புறம் எப்படி வெளங்கும்னு. நானும் வச்சிருந்தேன்.

சாயங்காலம் நவநீதன்தான் வந்து அங்க நடந்ததச் சொன்னான். பிலோவுக்கு அடுத்து அவனாம், கதவோரமா உக்காந்திருந்தானாம், கதவு பாதி தொறந்திருந்ததால உள்ள நடக்குறதும் பேசுறதும் அப்படியே தெரிஞ்சிருக்கு. பிலோ உள்ள போயி உக்காந்த உடனே மேஜையே ஆடியிருக்கு. ஒரு அதிகாரி தண்ணி டம்ளரத் தானே நகத்தி வச்சிருக்காரு.

"ஏம்மா இப்படி நடுங்குற? இன்டர்வியூதானேம்மா"ன்னு கேட்டிருக்காரு.

"இன்டர்வியூக்கு மட்டும் இல்ல சார். இன்னைக்கு எங்கம்மா எனக்கு எதிர்ல வந்தாங்க. எங்கப்பா இல்ல. எனக்கு இந்த வேலை கெடைக்கலன்னா, அவங்க வந்ததாலதான்னு எங்க காம்பவுண்டுல சாகுற வரைக்கும் சொல்லுவாங்க சார். அதான் நடுங்குது."

அப்புறம் ஒரு மேடம், "கை நடுங்கட்டும், பரவாயில்ல. நாங்க கேள்வி கேக்கலாமா?"ன்னிருக்காங்க. கேளுங்க மேடம்னுச்சாம். கைய ஒளிக்கவே இல்லையாம், ரெண்டு கையும் மேஜை மேலயே கெடந்து ஆட, வாய் மட்டும் அது பாட்டுக்கு பதில் சொல்லிக்கிட்டே போயிருக்கு, ஆசிட் கொட்டினா என்ன பண்ணணும், எந்த பாட்டில எதுக்குப் பக்கத்துல வைக்கக் கூடாது, பையன் கையில கண்ணாடி குத்திட்டா மொதல்ல என்ன பண்ணணும், எல்லாத்துக்கும்.

"அப்ப அழுது வாங்கியிருக்கா"ன்னா கஸ்தூரி.

"அழல அத்தை. எல்லாத்துக்கும் பதில் சொல்லிச்சு. அதுல ரெண்டு எனக்கே தெரியல"ன்னான் நவநீதன்.

வேலை பிலோவுக்குத்தான் கெடைச்சுது. எனக்கு வயிறு எரிஞ்சுதான்னா எரிஞ்சுது, என் பிள்ளை என்ன கொறச்சல்னு ரெண்டு நாளு சோறு எறங்கல. ஆனா அந்தோணி சீனி போட்ட பச்சரிசிய ஒவ்வொரு வீடா கொண்டு வந்து குடுத்தப்ப, வாயில தயாரா வச்சிருந்த அந்த வார்த்தைய எல்லாரும் அரிசியோட சேத்து மென்னு முழுங்கினோம். யாரும் யாரையும் பாத்துக்கல. இவ நெனச்சது அவளுக்குத் தெரிஞ்சிருக்குமோன்னு ஒவ்வொருத்திக்கும் சந்தேகம்.

அதுக்கப்புறம் நடுக்கம் யாருக்கும் கைமாறல. நிறைகுடம், அரைக்குடம், எதைத் தூக்கிக்கிட்டு வந்தாலும் அவங்கவங்க நடுக்கத்த அவங்கவங்களே எடுத்துக்கிட்டுப் போறாங்க. கஸ்தூரி இதுக்கும் அந்தோணிதான் காரணம்னா. நான் குடத்தத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டேன்.

ஆறேழு மாசம் கழிச்சு நவநீதனுக்கு வேற ஒரு காலேஜ்ல இருந்து கார்டு வந்துச்சு. அன்னைக்குக் காலையில நான் குடத்தத் தூக்கிக்கிட்டு கேட்டுக்குக் கிளம்பினேன், பழக்கம் விடுமா. அவன் சட்டையில பட்டன் போட முடியாம போட்டுக்கிட்டு இருந்தான், விரல் அப்படி ஆடுது. "அம்மா, நீ வேணாம். அந்தோணி அத்தைய வரச் சொல்லு"ன்னான். என் பிள்ளைக்கு நான் இருக்கேன், தாலியும் குங்குமமுமா நிக்கிறேன், அவள எதுக்குக் கூப்பிடணும், அவ வந்து ஏதாவது ஆகிட்டா? இத்தனையும் மனசுக்குள்ள ஓடுச்சு, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். குடத்தக் கீழ வச்சுட்டுப் போயி மூணாம் நம்பர் கதவத் தட்டினேன்.

தொறந்தா. என்னை மேலயும் கீழயும் பாத்தா. நான் மத்தவங்களப் பாக்குற பார்வை அது, என்னை யாரும் அப்படிப் பாத்ததில்ல.

"என்ன தனம்?"

"நவநீதனுக்கு இன்டர்வியூ. உன்னை எதிர்ல வரச் சொல்றான்."

"அவன் சொல்றான். நீ?"

"நானும்தான். அதான் வந்து நிக்கிறேன்ல."

அவ கதவு நெலையப் புடிச்சுக்கிட்டு நின்னா. உள்ள பிலோ வேலைக்குக் கிளம்பிக்கிட்டு இருந்துச்சு, டிபன் டப்பா மூடுற சத்தம் கேட்டுச்சு. பின்னாடி என் மகன், நேரமாச்சும்மான்னு கூப்பிடுறான்.

"வேலை கெடைக்கலன்னா யாரச் சொல்லுவ?"ன்னு கேட்டா.

உன்னைச் சொல்ல மாட்டேன்டின்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். வரல. பெத்த வயிறு, எதைச் சொல்லும்னு எனக்கே தெரியாது.

"தெரியல அந்தோணி"ன்னேன்.

அவ கதவ இன்னும் கொஞ்சம் தொறந்தா.

"சரி, வர்றேன்"ன்னு சொல்லிட்டு, குனிஞ்சு செருப்ப மாட்டினா.